நீர்க்காகம் நாற்பத்திரண்டு

இந்தக் கதையில் வேனில் போன நாலு பேரும் அதே வேனில் திரும்பி வந்துவிடுகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் மட்டக்களப்பில் நடந்தது என்று யாராவது ஒரு கதையைத் தொடங்கினால், கேட்பவர்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். இதற்கு அது வேண்டாம், கையை எடுத்துவிடலாம்.

வேன் பல்கலைக்கழகத்தினுடையது. ஓட்டியவர் நல்லரத்தினம். சொந்த ஊர் பழுகாமம், வயது ஐம்பத்திரண்டு, கோபம் மூக்கின் நுனியில். ஆராய்ச்சிக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், ஆராய்ச்சி முடியும்வரை மரத்துக்குக் கீழே காத்துக்கிடந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதுதான் பன்னிரண்டு வருடமாக அவருடைய வேலை. எந்தப் பேராசிரியரையும்விட அதிகமான ஆராய்ச்சிகளைத் தான் பார்த்திருப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். அது பொய்யில்லை.

இரசாயனத்துறை மிஸ் ஒருவர் வாவித் தண்ணீரைப் போத்தல் போத்தலாக அள்ளிக்கொண்டு போய், அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்ப்பார். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடுமே என்று நல்லரத்தினம் ஒருமுறை சொன்னார், மிஸ் சிரிக்கவில்லை. பொருளியல்துறை சேர் ஒருவர் வீடு வீடாகப் போய், கிழமைக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறீர்கள் என்று பெண்களிடம் கேட்பார். எந்தப் பெண்ணும் உள்ளதைச் சொல்லமாட்டாள் என்பது வாசலில் நின்ற நல்லரத்தினத்துக்குத் தெரியும், உள்ளே இருந்த சேருக்குத் தெரியாது. வரலாற்றுத்துறை எழுத்துள்ள கல்லைத் தேடிக் காட்டுக்குள் போகும். கல் கிடைத்தால் அதில் எழுத்து இருக்காது. எழுத்து இருந்தால் அதை யாராலும் வாசிக்க முடியாது. அவருக்கு மிகவும் பிடித்தது கணிதத்துறை. அவர்கள் ஒரு நாளும் வேன் கேட்டதில்லை.

அந்த மாசி மாதப் பயணத்தில் வேனில் ஏறியவர்கள் மூன்று பேர். விவசாய பீடத்துப் புஸ்பம் மிஸ் மண் சேர்ப்பவர். வட்டை என்கிற வயல்வெளி ஒவ்வொன்றிலும் வயலுக்கு வயல் குழி தோண்டி, மண்ணைப் பழைய பால்மா டின்னில் அடைத்து, டின்னுக்கு இலக்கம் போடுவார். தமிழ்த்துறை மங்கையற்கரசி மிஸ் சொல் சேர்ப்பவர். நெற்களத்தில் மாடுகளை விட்டுச் சூடு மிதிக்கும்போது மாட்டை மாடு என்றோ சாக்கைச் சாக்கு என்றோ சொல்லக்கூடாது, களத்துக்கென்று வேறு சொற்கள் உண்டு. அவற்றைப் பேசுகிறவர்களின் வாயிலிருந்தே ஒலிநாடாக் கெசட்டில் பதிந்துகொள்வது அவருடைய ஆராய்ச்சி. மூன்றாவது ஆள் விலங்கியல்துறையில் புதிதாகச் சேர்ந்த உதவி விரிவுரையாளர் பேரின்பம். இருபத்தேழு வயது. தன் மூத்த மகனின் வயது என்பதால் நல்லரத்தினம் இவனை மட்டும் சேர் என்று சொல்லாமல் தம்பி என்பார். இவன் பறவை எண்ணுபவன்.

"மண்ணச் சேத்தா சட்டி பானையாவது வனையலாம்" என்றார் நல்லரத்தினம், வேன் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே. "பறக்கிற சாமான எண்ணி என்ன தம்பி செய்யிற? நாளைக்கு அது வேற குளத்துக்குப் போயிருமே."

"அதுக்குத்தானே அண்ணன் நாளைக்கும் எண்ணுற" என்றான் பேரின்பம்.

பின்னால் இருந்த இரண்டு மிஸ்மாரும் சிரித்தார்கள். வேனுக்குள் இவர்கள் ஒருவருடைய வேலையை ஒருவர் பெரிதாக மதித்ததாகச் சொல்ல முடியாது. சொல்லுக்கு எதற்கு ஆராய்ச்சி, வாயைத் திறந்தால் வருகிறதே என்பார் புஸ்பம். சேற்றைக் கிண்டுவதற்குப் பட்டம் எதற்கு என்று மங்கையற்கரசி திருப்பிக் கேட்பார். இப்படியே பேசிப் பேசி வாவிப் பாலத்தைக் கடந்து, ஆமியின் சோதனைச்சாவடிக்கு ஒரு கடிதம், அந்தப் பக்கத்து இயக்கக்காரர்களுக்கு இன்னொரு கடிதம் என்று இரண்டையும் காட்டி, உன்னிச்சைக்குப் போய்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரண்டு இரவு தங்கினார்கள்.

அங்கே இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒரு சின்னச் சண்டை வந்தது. கதைக்கு அது தேவை.

பேரின்பத்திடம் தொலைநோக்கி கிடையாது. அந்தக் காலத்தில் தொலைநோக்கியோடு பிடிபட்டால் எந்தப் பக்கத்துக்காரரும் விடமாட்டார்கள். அதனால் அவன் வெறுங்கண்ணால் பார்த்து, வாய்விட்டு எண்ணுவான். வாய்விட்டு எண்ணாவிட்டால் கணக்குத் தப்பிவிடும். அதையும் மற்றவர்கள்போல ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டான். அவனுடைய அப்பா வவுணதீவில் வயற்காரப் போடியார் ஒருவருக்கு நெல் அளந்தவர். நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று சொல்லாமல் "பொலி" என்று சொல்லித் தொடங்குவார். அடுத்த மரைக்கால் நிரம்பும்வரை அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டே இருப்பார், பிறகு இரண்டு, பிறகு மூன்று. சின்ன வயதில் பக்கத்தில் குந்தியிருந்து கேட்ட பழக்கம் பேரின்பத்தின் நாக்கில் ஏறிவிட்டது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தும் அது இறங்கவில்லை.

அன்று காலை அவன் உன்னிச்சைக் குளக்கட்டில் நின்று அப்படி எண்ணிக்கொண்டிருந்தான். பத்து யார் தள்ளி அதே கட்டில்தான் மங்கையற்கரசியும் இருந்தார். ஊரில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சீனித்தம்பி, காலையில் மதகு பார்க்க வரும்போது மட்டும்தான் பேச நேரம் கிடைக்கிற ஆள். அவர் களத்துச் சொல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பின்னணியில் பேரின்பத்தின் எண்ணிக்கையும் கெசட்டில் விழுந்துகொண்டே போனது. பள்ளிக்கூடத்துக்கு வந்து போட்டுக் கேட்டபோது மங்கையற்கரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சீனித்தம்பியர்ர சத்தத்த விட உங்கட சத்தம்தான் கூட இரிக்கு. ஒரு மணித்தியாலப் பதிவு பாழ்" என்றார் பேரின்பத்திடம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மங்கையற்கரசி கெசட்டின் உறையில் "பாழ்" என்று எழுதிப் பைக்குள் போட்டார். நல்லரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் ஒரு கெசட் பிளேயர் இருந்தது. அது அவருடைய சொந்தக் காசில் பூட்டியது, வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது.

"பாழாப் போனதெண்டா அத எனக்குத் தாங்களன் மிஸ். நாலு பாட்டாவது அடிச்செடுக்கலாம்."

"இல்ல அண்ணன். பதிஞ்சத அழிக்கிற பழக்கம் எங்கட துறையில இல்ல. பாழ் எண்டாலும் அது பதிவுதான்."

இது என்ன கூத்து என்று நல்லரத்தினம் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை புறப்படும்போது பேரின்பத்தின் கொப்பி வேனின் முன்மூடியின் மேல் கிடந்தது. அவனுக்கு எதையும் வைத்த இடம் நினைவிருக்காது. குடையை மறந்துவிட்டு வருவான், செருப்பை மறந்துவிட்டு வருவான். ஒரு வருடமாக எண்ணிய எண்ணிக்கையெல்லாம் எழுதிய கொப்பியை இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே, கொஞ்சம் தேடட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்து, நல்லரத்தினம் அதை எடுத்துத் தன் சீட்டின் மெத்தைக்குக் கீழே சொருகினார். அவ்வளவுதான் அவர் செய்தது. வீட்டில் மகன் ஒருவன் இப்படிச் செய்தால் அவரும் இப்படித்தான் செய்திருப்பார். சொருகியதை மறந்தும்போனார்.

பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாலத்தடிச் சோதனைச்சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் இறங்கி ஒரு பக்கத்தால் நடக்க, வேனை இன்னொரு பக்கத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். புஸ்பத்தின் மண் டின்கள் எல்லாவற்றையும் திறந்து இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். மங்கையற்கரசியின் கெசட்டுகளை எண்ணினார்கள். எல்லாம் வழக்கமானதுதான். பிறகு ஒரு சிப்பாய் டிரைவர் சீட்டின் மெத்தையைத் தூக்கி, கொப்பியை எடுத்தான்.

"யாருடையது இது?"

நல்லரத்தினத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒளித்துவைத்த கொப்பி. சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பேரின்பம் ஓர் அடி முன்னால் வந்துவிட்டான்.

"என்ட."

அவனை மண்மூட்டை அடுக்கிய அறைக்குள் கொண்டுபோனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொறுப்பாக இருந்த கப்டன் கொப்பியோடு வெளியே வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நல்லரத்தினம் இளவயதில் சிங்கள ஊர்களில் கரும்பு லொறி ஓட்டியவர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மற்ற இருவருக்கும் தெரியாது. அதனால் அன்று பேச்செல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

"இதை வாசி" என்றார் கப்டன். கொப்பி முழுக்க ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும்தான். எல்.சி. 42, கிழக்கிலிருந்து மேற்கு, காலை 6.10. ஜீ.ஈ. 17, எஃப். இப்படியே பக்கம் பக்கமாக.

"பறவைகள் மாத்தயா. கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"பறவை என்றால் பறவையின் பெயர் எங்கே?" கப்டன் பின்னால் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "போன மாதம். இந்தப் பாலத்தின் பெயர் எழுதியிருக்கிறது. வடக்குப் பக்கம். ஜீ.எச். 8, எஸ். இந்தப் பாலத்தின் வடக்குப் பக்கத்தில் என்னிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள், தெரியுமா?"

நல்லரத்தினம் அந்தப் பக்கம் பார்க்காமலே இருக்க முயன்றார். ஆனால் கண் சொல்வழி கேட்கவில்லை. எட்டுப் பேர் நின்றார்கள்.

"எங்கள் ஆட்களை எண்ணி எழுதி, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காட்டி, சீட்டுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறான். நாலு மணிக்கு டிரக் வரும், அவன் பெரிய முகாமுக்குப் போவான். நீங்கள் போகலாம்."

"ஒளித்தது நான் மாத்தயா. விளையாட்டுக்குச் செய்தேன்."

கப்டன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவனும் சொல்கிறான், நீயும் சொல்கிறாய். பிடிபட்ட பிறகு யாரும் எதையும் சொல்வார்கள். பிடிபட முன்னால் சொன்னது ஏதாவது இருந்தால் கொண்டுவா."

பெரிய முகாமுக்குப் போவது என்றால் என்ன என்று அந்த மூன்று பேருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனவர்களின் தாய்மார் பெட்டிசன் எழுதிக்கொண்டு வாசல் வாசலாக நிற்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். போகலாம் என்று சொல்லியும் நல்லரத்தினம் போகவில்லை. வேனைத் தெருவோரத்து வாகை மரத்துக்குக் கீழே தள்ளி நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு பிள்ளைக்குப் புத்தி படிப்பிக்கப் போய், பிள்ளையையே தொலைத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நான்தான் மிஸ் ஒளிச்சு வெச்ச" என்று தலையைத் தூக்காமல் சொல்லி, கப்டன் கேட்டதையும் தமிழில் சொன்னார். இரண்டு பேரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புஸ்பம்தான் முதலில் பேசினார். "கப்டன் கேட்டதில பிழையில்ல. மண்ணில உப்புப் பாக்கிறெண்டா நாங்களும் ரெண்டு பேர் தனித்தனியா அளப்பம். ஒராளுக்கு மற்றாள்ர கணக்குத் தெரியக்கூடாது. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் நம்புற. இஞ்ச பேரின்பத்திட கணக்கு மட்டும்தானே இரிக்கு. ரெண்டாவது கணக்குக்கு எங்க போற?"

மங்கையற்கரசி பையை மடியில் கவிழ்த்துக் கொட்டினார். அத்தனை கெசட்டுக்குள்ளும் கிளறி ஒன்றை எடுத்தார். உறையில் "பாழ்" என்று எழுதியிருந்தது.

"ரெண்டாவது கணக்கு இந்தா இரிக்கு" என்றார்.

நல்லரத்தினத்துக்கு விளங்க ஒரு விநாடி எடுத்தது. அவர் பாட்டு அடிக்கக் கேட்ட கெசட். அன்றைக்கு மிஸ் மனம் இரங்கித் தந்திருந்தால், இப்போது அதில் இருந்திருப்பது நாலு சினிமாப் பாட்டு.

ஒலிப்பதிவுக் கருவிக்கு ஆமி அனுமதித்த நாலு பற்றரியும் முந்தின நாளே தீர்ந்துவிட்டன. போட்டுக் காட்டுவதென்றால் வேனில் இருந்த பிளேயரில்தான் போட வேண்டும். அதைச் சொல்ல நல்லரத்தினத்துக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிளேயரின் யோக்கியதை அவருக்குத் தெரியும். நினைத்தால் பாடும், நினைத்தால் கெசட்டின் நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டிக் கடித்துவிடும். போன மாதம் மட்டும் இரண்டு கெசட் போயிருந்தது.

"கடிச்சாலும் கடிக்கும் மிஸ். வேற பிரதி இரிக்கா?"

"இல்ல" என்றார் மங்கையற்கரசி. கெசட்டை அவர் கையில் வைத்தார். "போடுங்க அண்ணன்."

கப்டனைக் கூட்டிக்கொண்டு வருவதற்கே அரை மணித்தியாலம் போனது. அவர் வந்து வேன் கதவில் சாய்ந்து நின்றார், கையில் கொப்பி. இரண்டு சிப்பாய்கள் பேரின்பத்தையும் அறை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சட்டையில் பொத்தான் இரண்டைக் காணவில்லை. முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. நல்லரத்தினம் அவனைப் பார்க்காமல் குனிந்து, தீப்பெட்டியை உடைத்து அட்டையை இரண்டாக மடித்தார். கெசட்டை உள்ளே தள்ளி, அதன் அடியில் அட்டையைச் செருகி, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பொத்தானைத் தட்டினார். பெருவிரலை எடுத்தால் கடிக்கும் என்பது அனுபவம்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு மங்கையற்கரசியின் குரல், வகுப்பில் பேசுவதுபோலத் தெளிவாக வந்தது. பெப்ரவரி பத்தொன்பது, காலை ஆறு மணி, உன்னிச்சைக் குளக்கட்டு, தகவலாளர் சீனித்தம்பி. எந்தப் பதிவையும் அவர் இப்படித்தான் தொடங்குவார். நல்லரத்தினம் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னார். கப்டன் கொப்பியைப் புரட்டி, அந்தத் திகதியில் விரலை வைத்தார்.

சீனித்தம்பி களத்துச் சொற்களைச் சொல்லத் தொடங்கினார். அவருக்குப் பின்னால், தூரத்தில், இன்னொரு குரல் எழுந்தது.

"பொலீ... ரெண்டேய்... மூண்டேய்..."

கப்டனின் நெற்றி சுருங்கியது. "யார் அங்கே நெல் அளக்கிறது?"

நல்லரத்தினம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். "நெல் இல்லை மாத்தயா. அந்தப் பையன்தான். அவனுடைய தகப்பன் நெல் அளந்தவர். பறவையையும் அவன் அப்படித்தான் எண்ணுவான்."

"எங்கள் அப்பாவும் களத்தில் ஒன்று என்று சொல்லமாட்டார்" என்றார் கப்டன். சொன்னபிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோலக் கொப்பிக்குள் குனிந்துகொண்டார். ஆனால் ராகம் போன போக்கில் அவருடைய விரல் கொப்பியின் ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததை நல்லரத்தினம் பார்த்தார்.

கெசட்டில் சீனித்தம்பி பேச்சை நிறுத்திவிட்டு மங்கையற்கரசியிடம் கேட்டார்: "ஆருகா மகள் அது, நெல்லில்லாமலே அளக்கிறான்?" வேனில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முப்பத்தெட்டில் குரல் திடீரென்று கட்டையாகித் தேய்ந்தது. பிளேயர் நாடாவை இழுக்கப் பார்க்கிறது. நல்லரத்தினம் பெருவிரலை இன்னும் அழுத்தினார். நகத்துக்குக் கீழே வலித்தது. எனக்கு நீ பன்னிரண்டு வருடம் பாடியது போதும், இன்னும் ரெண்டு நிமிடம் பாடு, அதற்குப் பிறகு வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அதனிடம் மனதுக்குள் கெஞ்சினார். குரல் மெல்ல நிமிர்ந்தது.

"நாப்பத்திரெண்டேய். நீர்க்காகம் நாப்பத்திரெண்டு. கிழக்க இரிந்து மேற்க. ஆறு பத்து."

சொல்லச் சொல்ல நல்லரத்தினம் சிங்களத்தில் சொன்னார். கப்டனின் விரல் கொப்பியில் எல்.சி. 42 என்ற இடத்தில் நின்றது.

"பெரிய வெள்ளக்கொக்கு பதினேழு. இர தேடுது."

ஜீ.ஈ. 17, எஃப். விரல் ஒரு வரி இறங்கியது.

"சாம்பல் நாரை ஒண்டு. அசையாம நிக்கிது."

ஜீ.எச். 1, எஸ். கப்டன் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்னால் புரட்டி, பாலத்தின் பெயர் எழுதிய பக்கத்துக்குப் போனார். ஜீ.எச். 8, எஸ். கொப்பியை மூடாமலே பாலத்தின் வடக்குப் பக்கக் கம்பிவரை நடந்துபோனார். நல்லரத்தினத்தின் பெருவிரல் இன்னும் பிளேயரில்தான் இருந்தது. எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

வாவிக்குள் மீனவர்கள் வலை கட்டுவதற்காக நட்ட கம்புகள் வரிசையாகத் தெரிந்தன. கம்புகளின் உச்சியில் சாம்பல் நிறத்தில் நாரைகள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. அந்தப் பாலத்தில் ஏழு மாதமாகக் காவல் நிற்கும் கப்டன் அவற்றை அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"இன்றைக்கு ஆறுதான் நிற்கிறது" என்றார்.

நல்லரத்தினம் பெருவிரலை எடுத்தார். பிளேயர் உடனே நாடாவைக் கடித்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கப்டன் பாலத்தின் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மிச்சக் கொப்பியைப் பேரின்பத்தின் கையில் கொடுத்தார். "பெயரை முழுதாக எழுதச் சொல்" என்று நல்லரத்தினத்திடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அப்போது மணி மூன்று ஐந்து. டிரக் வருவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. அந்த டிரக்கைப் பார்க்க அவர்களில் யாருக்கும் ஆசை இருக்கவில்லை.

பாலத்தைக் கடந்து டவுனைத் தாண்டினார்கள். பிறகு புஸ்பம் காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்கினார். "ஆறுதான் நிக்கிதாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மங்கையற்கரசிக்கும் அது தொற்றியது. சிரித்துக்கொண்டே, பிளேயருக்குள்ளிருந்து உருவியெடுத்த நாடாவை ஒரு பென்சிலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சாண் அளவு கசங்கிப்போயிருந்தது, மிச்சம் தப்பிவிட்டது. நல்லரத்தினத்துக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் கதவு சன்னல் எல்லாம் திறந்துவிட்டதுபோல மூச்சு வந்தது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது, அதைச் சொல்லாமல் அவரால் வேன் ஓட்ட முடியவில்லை.

"தம்பி, அந்தக் கொப்பிய மெத்தைக்குக் கீழ வெச்ச நான்தான்."

"தெரியும் அண்ணன்" என்றான் பேரின்பம். "நீங்க வெக்கக்குள்ள பாத்தன். சீட்டுக்குக் கீழ இரிந்தா பத்திரமா இரிக்கும், என்ட கையில எண்டா துலைஞ்சிரும் எண்டு நினைச்சிட்டுப் பேசாம இரிந்த."

"பாத்த நீங்க ஏன் அவங்களிட்டச் சொல்லல்ல? டிரைவர் வெச்ச எண்டு சொல்லியிரிக்கலாமே."

"கொப்பி என்டதானே அண்ணன்."

நல்லரத்தினத்துக்குத் தெரு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. தன்னாமுனையில் வாவி பக்கத்தில் வரும் இடத்தில் அவர் வேனை ஓரத்தில் நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்காமல் அவர் வேனை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. வாவிக்கு மேலே நீர்க்காகங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"எண்ணுங்க தம்பி" என்றார்.

பேரின்பம் சன்னலைத் திறந்தான், வாயையும் திறந்தான். சத்தம் வரவில்லை. மண்மூட்டை அறைக்குள் அடக்கிவைத்ததெல்லாம் இப்போதுதான் வெளியே வந்தது. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான்.

வரிசை போய்க்கொண்டிருந்தது. விட்டால் கணக்குத் தப்பிவிடும். நல்லரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொலி" என்றார். ராகம் அவருக்கு வரவில்லை.

"ரெண்டு" என்றார் புஸ்பம் பின்னாலிருந்து.

"மூண்டு" என்றார் மங்கையற்கரசி. இதே எண்ணிக்கையால் பதிவு பாழ் என்று அழப் பார்த்தவர் அவர்.

பதினொன்றில் பேரின்பத்தின் குரலும் வந்து சேர்ந்தது. ராகமும் அவனோடு வந்தது. கடைசிப் பறவை மறைந்தபோது நல்லரத்தினம் நாற்பத்திமூன்று என்றார். புஸ்பம் நாற்பத்தொன்று என்றார். மங்கையற்கரசி நடுவில் எங்கோ விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். பேரின்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தான். எல்.சி. என்று ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதப் போன கையை நிறுத்தி, நீர்க்காகம் என்று தமிழில் முழுதாக எழுதினான். பக்கத்தில் இலக்கத்துக்கு இடம் விட்டான்.

"ரெண்டு கணக்கும் ஒத்து வரல்லயே" என்றார் புஸ்பம்.

நல்லரத்தினம் எஞ்சினை முடுக்கினார்.

"அதுக்குத்தானே மிஸ் நாளைக்கும் எண்ணுற" என்றார்.